காற்று பிடிக்கும் சுக்கான்



கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த நமக்குக் காற்றைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடை வீசத் தொடங்கினால் பள்ளிக்கு வரும் வழியிலேயே குடை திரும்பிக்கொள்ளும். சித்திரை வெயிலில் பிற்பகல் கடற்காற்று வரும் நேரத்தை எதிர்பார்த்து வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வைப்போம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று தமிழ் வகுப்பில் படித்தோம். அதே காற்றுகளின் குணத்தை நம் மீனவப் பெரியவர்கள் முகத்தில் படும் ஈரத்தைக் கொண்டே சொல்லிவிடுவார்கள்.

காற்று படகைத் தள்ளும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதே காற்று படகின் சுக்கானையும் பிடித்து, மாலுமி உறங்கும்போது படகை வழி தவறாமல் செலுத்தும் என்றால் நம்புவீர்களா? மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சம்பளமும் சாப்பாடும் வேண்டாம். ஒரு மெல்லிய பலகை, ஒரு துடுப்பு, இரண்டு கயிறுகள் இருந்தால் போதும். இந்த வியப்பான கருவியைப் பற்றியும், அதை நம்பி உலகைச் சுற்றியவர்களைப் பற்றியும், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

சுக்கானை விட்டால் என்ன ஆகும்?

மிதிவண்டியில் செல்லும்போது கைப்பிடியை விட்டுவிட்டால் சிறிது தூரம் நேராகப் போகும். பிறகு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பாய்மரப் படகும் அப்படித்தான். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. ஓர் அலை முன்பக்கத்தை இடப்புறம் தள்ளும். அடுத்த அலை வலப்புறம் தள்ளும். காற்றின் வேகம் கூடினால் பெரும்பாலான பாய்மரப் படகுகள் காற்று வரும் திசையை நோக்கியே திரும்பப் பார்க்கும். ஆகவே சுக்கான் பிடிப்பவர் ஒவ்வொரு நொடியும் சிறிது இழுத்தும் சிறிது விட்டும் படகை நேர்ப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் என்றால் எளிது. ஓர் இரவு என்றால் கடினம். நம்மில் பலருடைய தந்தையரும் சிற்றப்பாக்களும் இரவு முழுவதும் கடலில் இருந்துவிட்டு விடியலில் கரை திரும்புகிறவர்கள். ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றொருவர் விழித்திருப்பார். ஆனால் படகில் ஒரே ஓர் ஆள்தான், கரையோ ஆயிரக்கணக்கான கடல் மைல்களுக்கு அப்பால் என்றால் என்ன செய்வது? சுக்கானைப் பிடித்தபடியே சமைக்க முடியாது, கிழிந்த பாயைத் தைக்க முடியாது, உறங்கவும் முடியாது. உறக்கமில்லாத மாலுமி தவறு செய்வான். கடல் தவறை மன்னிப்பதில்லை. ஆகவே தனியாகக் கடல் கடக்க எண்ணியவர்களுக்கு முதல் தேவை, தூங்காத ஒரு துணை.

பழைய உபாயங்கள்

உலகைத் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து 'ஸ்ப்ரே' என்னும் படகில் புறப்பட்டு 1898ஆம் ஆண்டு திரும்பினார். அவரிடம் தானாக இயங்கும் கருவி எதுவும் இல்லை. ஆனால் அவருடைய படகு அகலமானது, அடிப்பகுதி நீண்டது. பாய்களைச் சரியாக விரித்து, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் அது தானாகவே நேர்வழி சென்றது. 1897ஆம் ஆண்டு நம் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளுக்கு அவர் 23 நாள் பயணம் செய்தார். அந்த 23 நாட்களில் அவர் சுக்கானைப் பிடித்திருந்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

எல்லாப் படகுகளும் ஸ்ப்ரேயைப் போல் சாதுவானவை அல்ல. அவற்றுக்கு மாலுமிகள் வேறோர் உபாயம் கண்டனர். பாயை இழுத்துக் கட்டும் கயிற்றைச் சுக்கான் தண்டோடு இணைத்து, தண்டின் மறுபுறம் ஒரு ரப்பர் கயிற்றைக் கட்டுவார்கள். காற்று பலமாக அடித்தால் படகு காற்றை நோக்கித் திரும்ப முயலும். அதே நேரத்தில் பாய்க்கயிறும் இறுகி, சுக்கான் தண்டை இழுத்துப் படகைத் திருப்பிவிடும். காற்றுத் தணிந்தால் ரப்பர் கயிறு தண்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். குறும்பு செய்கிறவனையே காவலுக்கு வைப்பது போன்ற தந்திரம் இது! இன்றும் கருவி பழுதானால் மாலுமிகளுக்குக் கை கொடுப்பது இதுவே.

காற்றுத்தகடு பிறந்த கதை

குளங்களில் பொம்மைப் பாய்மரப் படகுகளைப் போட்டிக்கு விடுகிறவர்கள்தாம் காற்றுத்தகட்டை முதலில் நன்கு பயன்படுத்தியவர்கள். பொம்மைப் படகில் ஆள் ஏற முடியாது. ஆகவே படகு தானே வழி காண வேண்டும். கோபுர உச்சியில் சேவல் வடிவில் சுழலும் காற்றுகாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற ஒரு தகட்டைச் சுக்கானோடு இணைத்தார்கள்.

மனிதர்கள் செல்லும் படகுகளில் இது புகழ்பெற்றது 1960ஆம் ஆண்டில். அவ்வாண்டு இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து அமெரிக்காவின் நியூயார்க் வரை அட்லாண்டிக் கடலைத் தனி ஆளாகக் கடக்கும் போட்டி நடந்தது. அதற்கு வித்திட்டவர் ஹேஸ்லர் என்னும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. வென்றவர் பிரான்சிஸ் சிசெஸ்டர். 40 நாட்களில் கடந்தார். அவர் தம் படகின் காற்றுத்தகட்டுக்கு 'மிராண்டா' என்று பெயரிட்டு, உடன்வரும் ஆளைப் போலவே நடத்தினார். ஹேஸ்லர் 48 நாட்களில் இரண்டாவதாக வந்தார். பின்னர் அவர் செம்மைப்படுத்திய 'ஊசல் துடுப்பு' முறையே இன்றும் பெருவழக்காக இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

இக்கருவி படகின் பின்புறத்தில் பொருத்தப்படும். இதில் மூன்று உறுப்புகள் உண்டு.

முதலாவது காற்றுத்தகடு. ஏறக்குறைய ஒன்றரை முழ உயரமும் ஒரு சாண் அகலமும் உள்ள மெல்லிய ஒட்டுப்பலகை. இது நிமிர்ந்து நிற்கும். அதன் அடியில் ஒரு கிடையான அச்சு உண்டு. அச்சுக்குக் கீழே எடைக்கட்டி ஒன்று அதை நிமிர்த்தி வைக்கும். தகட்டின் மெல்லிய விளிம்பு காற்றை நோக்கி இருந்தால் காற்று இரு பக்கமும் வழுக்கிப் போய்விடும், தகடு அசையாது. காற்று ஒரு பக்கத்தில் மோதினால் தகடு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

இரண்டாவது ஊசல் துடுப்பு. நீருக்குள் செங்குத்தாகத் தொங்கும் இத்துடுப்பு கடிகார ஊசலைப் போல் இடமும் வலமும் ஆட வல்லது. தன் அச்சில் சிறிது திரும்பவும் வல்லது. தகடு சாயும்போது ஒரு சிறு தண்டு துடுப்பைச் சற்றே திருப்பும்.

மூன்றாவது கயிறுகள். துடுப்பின் மேல்முனையிலிருந்து இரண்டு கயிறுகள் கப்பிகள் வழியே சென்று சுக்கான் தண்டில் இருபுறமும் கட்டப்பட்டிருக்கும்.

இனி இதன் சூட்சுமத்தைப் பார்ப்போம். தகட்டின் மேல் மோதும் காற்றுக்குச் சுக்கானை இழுக்கும் அளவுக்கு வலிமை கிடையாது. துடுப்பைச் சற்றே திருப்பத்தான் அதற்கு முடியும். ஆனால் அது போதும்! ஓடும் பேருந்தின் சன்னலோரத்தில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் காற்று வழுக்கிப் போகும், சற்றே சாய்த்தால் கையை மேலே தூக்கும் என்பது நமக்குத் தெரியும். (அதற்காகப் பேருந்தில் கையை வெளியே நீட்டாதீர்கள்.) அதையே ஓடும் படகிலிருந்து தண்ணீருக்குள் செய்தால் தோளே கழன்றுவிடும் போல் இழுக்கும். காரணம், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. சற்றே திரும்பிய துடுப்பை ஓடும் நீர் பலமாக ஒரு பக்கம் தள்ளுகிறது. துடுப்பு ஊசலாடிக் கயிற்றை இழுக்கிறது. கயிறு சுக்கானை இழுக்கிறது. காற்று உத்தரவு இடுகிறது, தண்ணீர் உழைக்கிறது எனலாம். படகு வேகமாக ஓட ஓடத் துடுப்பின் பலமும் கூடுகிறது.

ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து தெற்கே நாகப்பட்டினத்தை நோக்கி ஒரு பாய்மரப் படகு செல்கிறது என்று கொள்வோம். கொண்டல் வீசுகிறது, அதாவது காற்று நமக்கு இடப்புறம் கிழக்கிலிருந்து வருகிறது. முதலில் பாய்களைச் சரிசெய்து படகைத் தெற்கு நோக்கி நேராக ஓட்டுகிறோம். பிறகு தகட்டின் விளிம்பைக் கிழக்கு நோக்கித் திருப்பிப் பூட்டுகிறோம். கயிறுகளைச் சுக்கானில் மாட்டுகிறோம். இப்போது தகடு நிமிர்ந்து நிற்கிறது. துடுப்பு சும்மா இருக்கிறது. ஓர் அலை வந்து படகின் முன்பக்கத்தைக் கிழக்கே தள்ளிவிடுகிறது. படகோடு தகடும் திரும்பியதால் காற்று அதன் பக்கவாட்டில் மோதுகிறது. தகடு சாய்கிறது, துடுப்பு திரும்புகிறது, நீர் தள்ளுகிறது, கயிறு இழுக்கிறது, சுக்கான் படகை மீண்டும் தெற்கே திருப்புகிறது. படகு நேரானதும் காற்று மறுபடி விளிம்பில் வழுக்குகிறது. எடைக்கட்டி தகட்டை நிமிர்த்துகிறது. துடுப்பு நடுவுக்கு வருகிறது. தவறு நேர்ந்தவுடன் அந்தத் தவறே திருத்தத்தைப் பிறப்பிக்கிறது. திருத்தம் முடிந்ததும் கருவி ஓய்கிறது. பகலும் இரவும், மழையிலும் பனியிலும், சலிப்பின்றி இதே வேலை!

நாமே செய்து பார்க்கலாம்

ஓர் அஞ்சலட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உயரவாக்கில் நிறுத்தி, அடிவிளிம்புக்கு மேலே மூன்று விரற்கடை தள்ளிக் குறுக்காக ஒரு நீண்ட ஈர்க்கை ஒட்டுங்கள். ஈர்க்கின் இரு முனைகளும் அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அட்டையின் அடிவிளிம்பில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, அட்டை மட்டாக நிமிர்ந்து நிற்கும்படி செய்யுங்கள். ஈர்க்கின் முனைகளைக் கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர்களின் மேல் வையுங்கள். இப்போது ஈர்க்கின் நீளவாக்கில் காற்று வருமாறு மேசை விசிறியைத் தூரத்தில் வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். அட்டை நிமிர்ந்தே நிற்கும். டம்ளர்களோடு சேர்த்து எல்லாவற்றையும் சற்றே திருப்புங்கள். அட்டை உடனே ஒரு பக்கம் சாயும். பழையபடி திருப்பினால் நிமிரும். கடல் கடக்கும் படகின் காற்றுத்தகடும் இவ்வளவுதான்.

காற்றுக்கு உண்மை, ஊருக்கு அல்ல

இதுவரை இக்கருவியைப் புகழ்ந்தோம். இனி நாம் மறக்கக்கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இக்கருவிக்கு வடக்கு தெரியாது, தெற்கு தெரியாது. நாம் போக வேண்டிய ஊரும் தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்று ஒன்றே. காற்றுக்கும் படகுக்கும் உள்ள கோணத்தை மாறாமல் காப்பதுதான் அதன் வேலை. காற்றுத் திசை மாறினால் படகும் சத்தமின்றித் திசை மாறிவிடும்!

இதற்கு நம் கடற்கரையைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. கோடைகாலத்தில் விடியற்காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும். அக்காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஒருவர் நேர்கிழக்கே கடலுக்குள் போகிறார். தகட்டைப் பூட்டிவிட்டுக் களைப்பால் உறங்கிவிடுகிறார். நேரம் ஆக ஆக நிலம் சூடாகிறது. காற்று மெல்ல மெல்லத் தெற்கே திரும்பி, பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்றாக வீசுகிறது. காற்று பின்னாலேயே இருக்க வேண்டும் என்பதுதானே கருவிக்கு நாம் இட்ட கட்டளை? ஆகவே அது படகைச் சிறிது சிறிதாக வடக்கே திருப்பி, முடிவில் வடமேற்கே, அதாவது புறப்பட்ட கரையை நோக்கியே ஓட்டிக்கொண்டு வரும். உறங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது; ஏனெனில் படகு ஆடவில்லை, பாய் படபடக்கவில்லை, எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. அலை உடையும் கரையோர மணல்மேட்டில் தட்டும்போதுதான் கண் விழிப்பார்.

அதனால்தான் தனியே செல்லும் மாலுமிகள் நீண்ட நேரம் உறங்குவதில்லை. சிறிது உறங்கி எழுந்து திசைகாட்டியைப் பார்ப்பார்கள், அடிவானத்தில் கப்பல் விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், பிறகு மறுபடி உறங்குவார்கள். காற்றுத்தகடு கப்பலைக் காணாது, பாறையையும் காணாது. அது கைதான், கண் அல்ல.

வேறு குறைகளும் உண்டு. காற்றில்லாத நேரத்தில் அது பயனற்றது. காற்று நேர் பின்னாலிருந்து வரும்போது அதன் பலம் குறையும். காற்று மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் பின்னாலிருந்து வீச, படகு 5 கடல் மைல் வேகத்தில் முன்னே ஓடினால், படகில் நிற்பவர் உணரும் காற்று 7 கடல் மைல் வேகந்தான். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், தகட்டின் மேல் விழும் விசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

மின்கலத்தால் இயங்கும் தானியங்கிச் சுக்கான்களும் இன்று உண்டு. அவை திசைகாட்டியைப் பின்பற்றுவதால் காற்று மாறினாலும் திசை மாறாது. காற்றே இல்லாவிட்டாலும் இயந்திரத்தால் ஓடும் படகில் வேலை செய்யும். ஆனால் மின்கலம் தீர்ந்தால், உப்புநீர் உள்ளே புகுந்தால், நடுக்கடலில் அவற்றைச் சரிசெய்வது அரிது. காற்றுத்தகடு உடைந்தாலோ ஒரு பலகையும் ஓர் அரமும் இருந்தால் போதும். இதற்குச் சான்றாக ஒரு மெய்யான கதையைச் சொல்வோம்.

கழிப்பறைக் கதவு காத்த மாலுமி

1964ஆம் ஆண்டு பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பட்டு வெள்ளோட்டம் விடப்பட்ட 'சுஹைலி' என்னும் 32 அடிப் படகைப் பற்றி இந்தியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேய மாலுமி அப்படகில் 1968ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 312 நாட்கள் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அவ்வாறு செய்த முதல் மனிதர் அவரே. அப்போட்டியில் புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. அவருடைய தானியங்கிக் கருவி பாதி வழியில் ஆஸ்திரேலியப் பக்கத்தில் முறிந்துபோயிற்று. எஞ்சிய தூரத்தை அவர் பாய்களைச் சமன்செய்தும் தாமே சுக்கான் பிடித்தும் கடந்தார்.

அப்போட்டியின் நினைவாக 2018ஆம் ஆண்டு அதே போன்ற போட்டி மீண்டும் நடத்தப்பட்டது. பழைய காலத்துக் கருவிகளையே பயன்படுத்த வேண்டும், மின்சாரத் தானியங்கிச் சுக்கான் கூடாது என்பது விதி. ஆகவே காற்றுத்தகடே கதி. கேரளத்தைச் சேர்ந்த நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டப்பட்ட 'துரியா' என்னும் படகில் கலந்துகொண்டார். 2013ஆம் ஆண்டிலேயே நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றவர் அவர். ஆனால் 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அவர் படகைப் புரட்டியது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. அசைய முடியாமல் கிடந்த அவரை மூன்று நாட்களுக்குப் பின் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது.

எழுந்து நடப்பதே அரிது என்ற நிலையிலிருந்து மீண்ட அவர், 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்ஸ் நாட்டின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து மறுபடியும் அதே போட்டிக்குப் புறப்பட்டார். இம்முறை 'பயானத்' என்பது படகின் பெயர். வழியில் அவருடைய காற்றுத்தகட்டுக் கருவியின் பலகைகள் திரும்பத் திரும்ப உடைந்தன. கொண்டுபோன மாற்றுப் பலகைகளும் தீர்ந்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா? படகின் கழிப்பறைக் கதவைக் கழற்றி அறுத்துத் துடுப்புப் பலகை செய்துகொண்டார்! 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார். புறப்பட்ட 16 பேரில் எங்கும் நிற்காமல் முடித்தவர் மூவரே.

அதே போட்டியில் முன்னணியில் சென்றுகொண்டிருந்த சைமன் கர்வென் என்பவரின் காற்றுத்தகட்டுக் கருவி பசிபிக் கடலில் பழுதாயிற்று. அதைச் சரிசெய்ய அவர் சிலி நாட்டுத் துறைமுகத்துக்குச் செல்ல நேர்ந்ததால் முதற்பரிசுக்குரிய தகுதியை இழந்தார். ஒரு சிறு கருவியின் அருமை இதனால் விளங்கும்.

முதற்பரிசு பெற்றவர் யார்? தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்னும் பெண்மணி! உலகைச் சுற்றும் தனியாள் போட்டியொன்றில் வென்ற முதல் பெண் அவரே. அதுவும், வழியில் படகு மூழ்கி உயிர்காப்பு மிதவையில் தத்தளித்த சகபோட்டியாளர் ஒருவரைத் தேடிச் சென்று மீட்ட பிறகு பெற்ற வெற்றி அது. தம் பரிசைவிடப் பிறர் உயிரைப் பெரிதாக எண்ணியவருக்கே பரிசும் கிடைத்தது என்பது நம் நெஞ்சில் பதிய வேண்டிய செய்தி.

நம் பெண்களும் கடலும்

கடலோட்டம் ஆண்களுக்கே உரியது என்று எண்ணிய காலம் உண்டு. போலந்து நாட்டின் கிரிஸ்டினா கோயினோவ்ஸ்கா-லிஸ்கேவிச் 1976 முதல் 1978 வரை பயணம் செய்து, தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண் ஆனார். அவர் ஒரு கப்பல் பொறியாளர். அதே 1978ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் பிறந்த நவோமி ஜேம்ஸும் தம் பயணத்தை முடித்தார்.

நம் நாட்டிலும் அந்த நாள் வந்தது. இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர் 'தாரிணி' என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் 2017–18இல் உலகைச் சுற்றி வந்தார்கள். பின்னர் அதே படகில் இருவர் மட்டுமே புறப்பட்டார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில் மட்டும் தங்கி, 25,000 கடல் மைலுக்கும் மேல் கடந்து 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். படகில் இருவரே; ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். ஏறத்தாழ எட்டு மாதங்கள் இப்படி!

காரைக்காலும் புதுச்சேரியும் ஒரே ஆட்சிப் பகுதி. ஆகவே ரூபா நம் ஊர்ப் பெண் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. இந்தச் சோழ நாட்டில், காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்திய மன்னனைப் புறநானூற்றில் பாடியவரும் வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற்புலவரே. அன்று பெண் பாடினாள். இன்று பெண்ணே பாய் விரிக்கிறாள்.

முடிவாக

இன்று காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்றால் இயந்திரப் படகுகளையே காண்கிறோம். பாய் விரித்த கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஆயினும் காற்றுத்தகட்டின் பின்னுள்ள தத்துவம் பழசாகவில்லை. சூடு ஏறியதும் தானே அணைந்து, ஆறியதும் மறுபடி எரியும் இஸ்திரிப்பெட்டியில் இருப்பதும் அதே தத்துவந்தான். தவறே தன் திருத்தத்தைத் தூண்டுமாறு அமைப்பதே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இன்னொரு பாடமும் உண்டு. காற்றுத்தகடு மிக நல்ல ஊழியன்; ஆனால் காற்று போகும் பக்கமெல்லாம் போகும். நம்மிடமும் அந்தக் குணம் உண்டு. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நாமும் அறியாமலே சாய்ந்துவிடுகிறோம். ஆடாமல் அசையாமல் செல்வதால் சரியான வழியில் செல்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம். மாலுமி இடையிடையே எழுந்து திசைகாட்டியைப் பார்ப்பது போல், நாமும் ஒவ்வோர் இரவும் உறங்கப்போகுமுன் மனச்சான்றைப் பார்த்துக்கொள்ளும்படி நம் அருட்சகோதரியர் சொல்லித்தருகிறார்கள். விளக்கோடு ஆயத்தமாயிருந்த ஐந்து கன்னியரின் உவமையும் இதைத்தானே சொல்கிறது?

நமக்குத் தெற்கே வேளாங்கண்ணியில், புயலில் தத்தளித்த போர்த்துக்கீசிய மாலுமிகளைக் கரை சேர்த்த அன்னை வீற்றிருக்கிறாள் என்பது நம் முன்னோர் வழிவந்த நம்பிக்கை. அந்த அன்னையைத் திருச்சபை 'கடலின் விண்மீன்' என்று அழைக்கிறது. காற்று மாறும்; விண்மீன் வழிகாட்டும். காற்றைத் துணையாகக் கொள்வோம், விண்மீனை வழியாகக் கொள்வோம், கண்ணை மட்டும் மூடாதிருப்போம். இன்றிரவும் கடலில் விழித்திருக்கும் நம் தந்தையர், தமையன்மார் அனைவரும் நலமே கரை சேர வேண்டுவோமாக!